மூன்றாவது பிரதி

எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. கூடத்தில் என்னுடைய பழைய மேசைக் கம்ப்யூட்டர், மகனுடைய லேப்டாப், மருமகளுடைய லேப்டாப். நான்காவது ஒன்று பாரீஸ் பக்கத்தில் மகள் வீட்டில். எல்லோரும் இருபது வருஷமாகப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறோம். அவரவர் எடுத்தது அவரவரிடம். பேரனுடைய காதுகுத்துப் படம் வேண்டுமென்றால் மருமகள் என்னிடம் வரவேண்டும். அவள் தங்கை கல்யாணப் படம் வேண்டுமென்றால் நான் அவளிடம் போகவேண்டும். சில படங்கள் மூன்று இடத்திலும் இருக்கும். சில எங்கே தேடினாலும் கிடைக்காது.

இதை ஒரு குறையாக நாங்கள் நினைத்ததில்லை, என் மனைவியின் அக்கா காலமாகும் வரை. அன்று ராத்திரி பத்து மணிக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் தேவைப்பட்டது. மூன்று கம்ப்யூட்டரையும் திறந்து வைத்துக்கொண்டு தேடினோம். எந்த விசேஷத்திலும் அடுக்களைப் பக்கமே நின்ற மனுஷி அவர். கடைசியில் ஒரு வளைகாப்புப் படத்தில் நாலு பேருக்குப் பின்னால் முகம் தெரிந்தது. கடைக்காரர் அதை வெட்டிப் பெரிதாக்கி, பின்னால் நீல நிறம் போட்டுக் கொடுத்தார். அந்த மாதிரிப் படம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மகள் ஒரு படம் அனுப்பினாள். 2014-ல் அவள் விடுமுறைக்கு வந்தபோது கடற்கரைச் சாலையில் எடுத்தது. அக்கா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, கையில் சுண்டல் பொட்டலத்தோடு வாய்விட்டுச் சிரிக்கிறார். அத்தனை வருஷமும் அந்தப் படம் பிரான்ஸில் இருந்திருக்கிறது. "இது அன்னிக்கு நம்ம கையில இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி உள்ளே போய்விட்டாள்.

அதன் பிறகுதான் என் மகன் எல்லாவற்றையும் ஒன்றாக்கும் வேலையில் இறங்கினான். சிங்க்திங் என்று ஒரு இலவசச் செயலி இருக்கிறது. அதை மூன்று கம்ப்யூட்டரிலும் போட்டு, 'படங்கள்' என்ற ஒரே ஃபோல்டரைக் காட்டிவிட்டான். ஒன்றில் ஒரு படம் சேர்த்தால், மற்றவை வீட்டு வைஃபையில் இருக்கும்போது தானாகவே அங்கேயும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நடுவில் எந்தக் கம்பெனியின் கிடங்கிலும் படம் தங்குவதில்லை; நம் கம்ப்யூட்டர்களே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. மாதச் சந்தாவும் இல்லை. இரண்டு கம்ப்யூட்டர்களும் ஒரே நேரத்தில் இயங்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஒரு வாரத்தில் ஏறக்குறைய 31,000 படங்கள் மூன்று இடத்திலும் ஒரே மாதிரி வந்து உட்கார்ந்தன. எனக்கு ஒரே பெருமை. மூன்று பிரதி இருக்கிறது, இனி எதுவும் தொலையாது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

அந்த மே மாத விடுமுறையில் மருமகள் பேரனுக்கு ஒரு வேலை கொடுத்தாள். மங்கலான படங்கள், ஒரே மாதிரி நாலைந்து இருக்கிற படங்கள், இவற்றை எடுத்துவிட வேண்டும். பையன் பொறுப்பானவன். இரண்டு நாள் உட்கார்ந்து அறுநூறு படங்களை நீக்கினான். சொன்ன வேலையைச் சரியாகத்தான் செய்தான். அவன் லேப்டாப்பில் நீக்க நீக்க, கூடத்தில் என் கம்ப்யூட்டரிலிருந்தும் அவை ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றில் அக்கா திரும்பிப் பார்க்கிற மங்கல் படம் ஒன்றும் இருந்தது. ஆடிப்போன படம்தான், ஆனால் அந்தத் திரும்பல் அவருடையது. பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நல்ல வேளை, அந்தச் செயலியில் பழைய பதிப்புகளை ஒதுக்கி வைக்கும் ஏற்பாட்டை மகன் என் கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தான். அறுநூறும் அங்கே கிடந்தன. இந்த மாதிரி வசதி பலவற்றில் உண்டு, ஆனால் அதற்குக் கெடு இருக்கிறது. ஐபோனில் அழித்த படம் 30 நாள் காத்திருக்கும். கூகுள் போட்டோஸில் ஏற்றி வைத்த படத்தை அழித்தால் 60 நாள். அதற்குள் அது இல்லை என்பதை நாம் கவனித்தால்தானே? முப்பதாயிரம் படத்தில் ஒன்று குறைந்ததை யார் கவனிக்கப் போகிறார்கள்? ஒருவர் இறந்த பிறகுதான் தேடுவோம்.

அன்று ராத்திரி எனக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. பணிக்காலத்தில் பாதியை எத்தா சிவீல் ரெஜிஸ்டர்களோடு கழித்தவன் நான். பிறப்பு, கல்யாணம், இறப்பு, எல்லாம் பிரெஞ்சில். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு மீடியம் படித்ததால் அந்தப் பழைய கையெழுத்துகளைப் படிக்கச் சொல்லி என்னிடம் தள்ளுவார்கள். பென்ஷனுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமைக்கும் நகல் கேட்டு வருகிறவர்கள், தாத்தாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தால்கூட என் மேஜை முன்னால் நின்று அழுதிருக்கிறார்கள்.

அந்த ரெஜிஸ்டருக்கு ஒரு சட்டம் உண்டு. 1804-ல் வந்த பிரெஞ்சு சிவில் சட்டப்படி அதை இரட்டையாக எழுத வேண்டும். வருஷம் முடிந்ததும் ஒன்று மேரியிலேயே இருக்கும், மற்றது கோர்ட்டின் கிரெஃபுக்குப் போகும். எழுதியதை யாரும் இஷ்டத்துக்கு அழிக்க முடியாது. ஒரு சொல்லை அடித்தால் அதற்கும் ஒப்புதல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் ஏதாவது மாறினால் ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள், அதையும் இரண்டு ரெஜிஸ்டரிலும் எழுத வேண்டும்.

காலனிகளுக்கு இன்னொரு விதி இருந்தது. 1776 ஜூனில், பதினாறாம் லூயி காலத்து அரசாணை ஒன்று, காலனிகளின் பதிவுகளில் கூடுதலாக ஒரு பிரதி எடுத்து பிரான்ஸுக்கு அனுப்ப வேண்டும் என்றது. இங்கே கரையானும் ஈரமும் புயலும் போரும் உண்டு. கடலுக்கு அப்பால் ஒன்று இருக்கட்டும் என்ற எண்ணம். கப்பலேறிப் போன அந்தப் பிரதிகள் இன்று எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. புதுச்சேரி, காரைக்காலின் பழைய பதிவுகளை இணையத்திலேயே பார்க்கலாம். அந்த மூன்றாவது பிரதியில், பின்னால் எழுதிய ஓரக் குறிப்புகள் பெரும்பாலும் ஏறியிருக்காது. போன அன்று எப்படி இருந்ததோ அப்படியே தூங்குகிறது.

இப்போது பாருங்கள். முதல் இரண்டு ரெஜிஸ்டரும் கைகோத்து நடப்பவை. ஒன்றில் வந்த மாற்றம் மற்றதிலும் வரும். சிங்க் என்பது அதுதான். எங்கள் வீட்டில் மூன்று கம்ப்யூட்டர் இருந்தாலும், கணக்குப்படி இருந்தது ஒரே ரெஜிஸ்டர். அப்பால் தூங்குகிற பிரதி எங்களிடம் இல்லவே இல்லை. இந்தக் காலத்துப் புகைப்படக்காரர்களும் இதே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய விதி இது. அவருக்கு முன்னாலேயே எங்கள் ரெஜிஸ்டர்கள் கப்பல் ஏறிவிட்டன என்று என் மகனிடம் சொன்னேன். சிரித்தான்.

வேறு ஊர் எதற்கு என்பவர்கள் எங்கள் மச்சானைக் கேட்கலாம். அவர் வீடு ரெயின்போ நகரில். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, கம்ப்யூட்டரும் அதைப் பிரதி எடுத்து வைத்த ஹார்ட் டிஸ்க்கும் ஒரே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. இரண்டும் ஒன்றாக நனைந்தன.

இப்போது எங்கள் வீட்டு நடைமுறை இது. மூன்று கம்ப்யூட்டரும் முன்போலவே சிங்க் ஆகின்றன. அது தினசரி வசதிக்கு. மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எல்லாவற்றையும் நகலெடுத்து, வயரைக் கழற்றி, பீரோவில் வைக்கிறேன். வயர் மாட்டியே இருந்தால் அது பிரதியில்லை. இன்னொரு டிஸ்க் மகளோடு விமானம் ஏறுகிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அவள் புதிதைக் கொண்டுபோய்ப் பழையதைக் கொண்டுவருவாள். அவள் வீட்டுப் படங்களும் அதிலேயே வந்துவிடுகின்றன.

படங்களை வரிசைப்படுத்த டிஜிகாம் என்ற இலவசச் செயலி வைத்திருக்கிறேன். அதன் அட்டவணை என் கம்ப்யூட்டரில் மட்டும்தான். படங்களைப் பகிரலாம், அட்டவணையைப் பகிரக் கூடாது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பேரேட்டில் எழுதினால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும் ஆகும். படம் பற்றிய குறிப்பைப் படத்தின் கோப்புக்குள்ளேயே பதிய வைக்கிறேன். 2016-ல் பிக்காசாவை நிறுத்தியபோது, அதில் ஜேபெக் படங்களுக்கு எழுதியிருந்த தலைப்புகள் படத்துக்குள்ளேயே இருந்ததால் இன்றும் படிக்க முடிகிறது. வாட்ஸப்பில் வருகிற படத்தை மூலப்படமாக எண்ணாதீர்கள். சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் உள்ளே இருக்காது. முக்கியமான படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

அழிப்பதற்கும் விதி போட்டோம். யாரும் நேரே அழிக்கக் கூடாது. 'ஒப்புதலுக்கு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அதில் தள்ளலாம். பொங்கலுக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். ஒருவர் வேண்டும் என்றால் அந்தப் படம் தங்கும்.

இதில் என் மனைவிக்கு முழுச் சம்மதம் இல்லை. "ஏங்க, எல்லாத்தையும் மூணு நாட்டுல வச்சிருந்தா போதுமா? இது யாருன்னு நாளைக்கு இந்தப் பசங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். மூணு நாடு என்பது அவள் கணக்கு; இரண்டுதான். ஆனால் கேள்வி நியாயமானது. ஸ்கேன் செய்த பழைய படங்களில் இருப்பவர்களை எங்கள் இருவருக்கு மட்டும்தான் அடையாளம் தெரியும். அவள் பக்கத்து உறவுகளில் பாதிப் பேரை அவளுக்கு மட்டும்தான். அந்தத் தகவல் ஒரே பிரதியாக அவள் தலைக்குள் இருக்கிறது. அதற்கு டிஸ்க் கிடையாது, கப்பலும் கிடையாது.

ஆகவே மத்தியானம் சாப்பாடு ஆனதும் தினம் அரைமணி உட்காருகிறோம். நான் படத்தைக் காட்டுவேன். அவள் இடமிருந்து வலமாகச் சொல்வாள்: பெயர், யாருக்கு யார், எந்த வீட்டுத் திண்ணை, எந்த வருஷம். நான் தட்டச்சு செய்வேன். பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் தினமும் திக்தே சொல்வார். ஒரு எழுத்து விட்டால் மார்க் போகும். இந்த வயதில் மறுபடியும் திக்தே. இவளும் அந்த வாத்தியார் மாதிரிதான், "அது சின்ன மாமா இல்ல, நல்லாப் பாருங்க, நடு மாமா" என்று திருத்துவாள். இதுவரை நாலாயிரம் படம் முடிந்திருக்கிறது. ஆகஸ்டில் மகள் வருவதற்குள் ஐயாயிரம் ஆகிவிடும் என்று நினைக்கிறேன்.