பழைய வண்டியும் பதினைந்தாம் ஆண்டும்

வீட்டில் ஒரு பொருள் பழசாகிவிட்டால் அதை என்ன செய்வது என்பதற்கு நம்மவர்களிடம் நெடுங்காலமாக ஒரே விடைதான் உண்டு: பரணில் போட்டு வைப்பது. ஈயம் போன பித்தளை அண்டா, கால் ஒடிந்த நாற்காலி, ஓடாத சுவர்க் கடிகாரம் எல்லாம் பரணேறிவிட்டால், பிறகு அவற்றைப் பற்றி எவரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் வண்டியைப் பரணில் ஏற்ற முடியாது. அது வாசலில் நின்றுகொண்டு, போவோர் வருவோர் அனைவரையும் கருத்துச் சொல்லத் தூண்டிக்கொண்டே இருக்கும். பதினைந்து ஆண்டு நிறைந்துவிட்டாலோ, சட்டமும் சேர்ந்துகொண்டு, "வைத்துக்கொள்கிறாயா, விட்டுவிடுகிறாயா?" என்று கேட்கும்.

எங்கள் வண்டி 2010இல் வாங்கிய மாருதி 800. ஆறாவது ஊதியக் குழுவின் நிலுவைத் தொகை 2008இலும் 2009இலும் இரு தவணைகளாக வந்தது. அதை முன்பணமாக வைத்து, மீதிக்கு வங்கிக் கடன் பெற்று வாங்கினோம். அதே 2010 ஏப்ரலில் டில்லி, மும்பை, சென்னை முதலிய பதின்மூன்று நகரங்களில் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்ததும், இந்த வண்டி அந்நகரங்களின் விற்பனைக் கூடங்களிலிருந்து விடைபெற்றுக்கொண்டது. நாகபுரி அப்பட்டியலில் இல்லை. ஆகவே பெருநகரங்கள் கைவிட்ட வண்டி எங்களுக்குக் கிடைத்தது. 1983 டிசம்பரில் பிறந்து, ஒரு தலைமுறைக்கு 'கார்' என்னும் சொல்லுக்கே பொருளாக விளங்கிய அந்த வண்டியின் உற்பத்தி, 2014 ஜனவரியில் நின்றுபோயிற்று. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். எடை ஏறத்தாழ 650 கிலோ. இவ்வளவு சிறிய உடம்பை வைத்துக்கொண்டு அது இழுத்த குடும்பப் பாரம் கொஞ்சமன்று.

என் மகள் பள்ளிக்குச் சென்றது அதில். என் தாயாரை மூட்டுவலி மருத்துவரிடம் அழைத்துச் சென்றது அதில். நாகபுரியின் நாற்பத்தைந்து பாகை வெயிலில் வெந்து நின்றாலும், மாலையில் சாவியைத் திருப்பியதும் உயிர் பெறும். ஒருமுறை கோடை விடுமுறையில் நாற்பத்து நான்காம் தேசிய நெடுஞ்சாலை வழியே அதிலாபாத், ஐதராபாத், கர்நூல், பெங்களூர், சேலம், மதுரை என்று இறங்கித் திருநெல்வேலிவரை போய்வந்தோம். மூன்று நாள் பயணத்தில் ஒரு டயர் பஞ்சரானதைத் தவிர வேறு குறையில்லை.

இத்தகைய வண்டிக்கு 2025இல் பதினைந்து ஆண்டு நிறைந்தது. சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குமேல் வைத்துக்கொள்ள விரும்பினால், வண்டியைப் பரிசோதனைக்குக் காட்டி, கட்டணம் செலுத்தி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். காருக்கு அறுநூறு ரூபாயாக இருந்த அக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. இருபது ஆண்டைத் தாண்டிய காருக்கு 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் ஆணை வந்தது. இவற்றோடு மராட்டிய மாநிலத்தின் சுற்றுச்சூழல் வரியும் உண்டு. விட்டுவிடு என்று அரசு வாயால் சொல்லவில்லை, கட்டணத்தால் சொல்கிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 22இல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அலுவலகத் தேநீர் வேளையில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லாமல் போயிற்று. "இப்போது வாங்காவிட்டால் எப்போது வாங்கப்போகிறீர்?" என்றார் ஒரு நண்பர். எட்டாவது ஊதியக் குழு வருகிறது, அதன் நிலுவைத் தொகைவரை பொறும் என்றார் இன்னொருவர். முன்னெல்லாம் ஸ்கூட்டருக்கும் காருக்கும் அரசே ஊழியர்க்கு முன்பணம் கொடுக்கும். ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2016இல் அந்த ஏற்பாடு நின்றுவிட்டது என்று பெருமூச்சு விட்டார் ஓய்வுபெறும் நிலையிலிருந்த மூன்றாமவர். வாங்கு, பொறு, பெருமூச்சு விடு என்னும் இம்மூன்றையும் தவிர மத்திய அரசு ஊழியனுக்கு வேறு வழி சொல்பவர் அரிது.

அலுவலக வண்டிகளைக் கழித்துக்கட்டும் கோப்புகள் பல என் மேசை வழியே சென்றிருக்கின்றன. எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று, எத்தனை ஆண்டு ஆயிற்று, இனிப் பழுதுபார்ப்பது சிக்கனமாகுமா என்ற மூன்று வினாக்களுக்கு விடையும் உரியவரின் கையொப்பமும் இருந்தால் வேலை முடிந்தது. 2023 ஏப்ரல் முதல் அதுவும் எளிதாகிவிட்டது. பதினைந்து ஆண்டு கடந்த அரசு வண்டிக்குப் பதிவைப் புதுப்பிப்பதே இல்லை. எங்கள் வண்டி அலுவலக வண்டியாக இருந்திருந்தால் கேள்வியின்றி உடைப்பகத்துக்குப் போயிருக்கும். சொந்த வண்டி என்பதால் எனக்குச் சிந்திக்கும் உரிமை கிடைத்தது. அவ்வுரிமையால் சில இரவுகள் உறக்கம் கெட்டது.

முதலில் கணக்குப் போட்டேன். சாலைக்கு வரும்போது ஐந்து லட்சம் ஆகும் ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். கையிலிருந்து ஒன்றரை லட்சம். கடன் மூன்றரை லட்சம். ஒன்பது விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 7,265 ரூபாய். வட்டியாக மட்டும் 86,000 ரூபாய் போகும். வண்டியின் மதிப்பு வேறு ஆண்டுதோறும் தேயும். காப்பீட்டுக்காரர்களின் தேய்மான அட்டவணைப்படி ஐந்தாம் ஆண்டில் புது வண்டி பாதி விலைக்கு வந்துவிடுகிறது. ஆக இரண்டரை லட்சம் அதில் கரையும். ஓடினாலும் கரையும், ஓடாமல் வாசலில் நின்றாலும் கரையும். யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். புதுக் கார் இரண்டு விதமாகவும் தின்னக்கூடியது. பெட்ரோலை விட்டுவிட்டாலும், ஐந்தாண்டில் 3,36,000 ரூபாய் அதற்கு இரை.

பழைய வண்டிக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் ஆன பழுதுச் செலவு, சராசரி ஆண்டுக்கு 22,000 ரூபாய். வயதாக ஆகச் செலவு கூடும் என்று 30,000 ஆகவே வைத்துக்கொண்டேன். ஐந்தாண்டுக்கு ஒன்றரை லட்சம். பதிவுப் புதுப்பிப்பு முதலியவற்றுக்கு இன்னும் ஒரு பத்தாயிரம். பழையதைப் பதிவுபெற்ற உடைப்பகத்தில் ஒப்படைத்தால், புது வண்டி விலையில் நான்கு முதல் ஆறு விழுக்காடுவரை பழைய இரும்பு விலையாகக் கிடைக்கும் என்றும், அதன் சான்றிதழைக் காட்டினால் புது வண்டியின் சாலை வரியில் சலுகை உண்டு என்றும் 2021இல் வந்த கொள்கை கூறுகிறது. அதையும் கழித்துப் பார்த்தேன். அப்போதும் ஒரு லட்சத்துக்கு மேல் வித்தியாசம் நின்றது. மகள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு அது. அந்த லட்சத்துக்கு வீட்டில் வேறு பெயர் இருந்தது.

கணக்கு 'வைத்துக்கொள்' என்றது. ஆயினும் கணக்கு, வண்டியின் அடிவயிற்றைப் பார்க்கவில்லையே! அதைப் பார்க்க எங்கள் மிஸ்திரியிடம் கொண்டு சென்றேன். எஞ்சினைப் பற்றிக் கேட்டால் எஞ்சினைப் பார்க்காமல், தரையில் படுத்து, ஒரு திருப்புளியால் கதவுகளுக்குக் கீழே உள்ள தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். "எஞ்சின் போனால் மாற்றிவிடலாம், பாபுஜி. தகடு போனால் வண்டியே போயிற்று" என்றார் இந்தியில். பழைய வண்டிக்கு உண்மையான எமன் துரு. கடற்காற்றுப் படும் ஊர்களில் அது விரைந்து வரும். நாகபுரியின் வறண்ட காற்று எங்களுக்கு உபகாரம் செய்திருந்தது: பின்சக்கர வளைவில் ஓரிடத்தில் மட்டும் துரு, தரைத்தகடு 'டங்' என்று ஒலித்தது. பெட்ரோல் செல்லும் ரப்பர்க் குழாய்களை மட்டும் உடனே மாற்றச் சொன்னார். இப்போது பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்து வருகிறது. அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பர் நாளடைவில் கெட்டுவிடும். உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகியும், உதிரிபாகம் கிடைக்குமா என்ற கவலையை அவர் சிரித்தே தள்ளிவிட்டார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற நிலை வரும் நாளில் தாமே சொல்வதாகவும் வாக்களித்தார்.

கணக்கும் துருவும் சாதகமாயின. மூன்றாவதாக ஒன்று எஞ்சியது, அது சாதகமாகவில்லை. ஓட்டுநருக்குக் காற்றுப்பை 2019 ஜூலை முதலும், முன்னிருக்கையில் அருகே அமர்பவருக்கு 2022 தொடக்கம் முதலும் புதுக் கார்களில் கட்டாயமாயின. திடீரெனப் பிரேக் அடித்தால் சக்கரம் இறுகி வண்டி வழுக்காமல் காக்கும் அமைப்பும் 2019 முதல் கட்டாயம். இவற்றில் ஒன்றுகூட எங்கள் வண்டியில் இல்லை. எந்த மிஸ்திரியாலும் அவற்றைப் பொருத்தவும் இயலாது. நெடுஞ்சாலையில் விரைந்து செல்லும் லாரிகளின் நடுவே 650 கிலோ தகட்டுக்குள் என் குடும்பம் அமர்ந்திருப்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இந்த இடத்தில்தான் நான் பல நாள் நின்றுவிட்டேன். என் துணைவியார் ஓர் இரவு சாப்பாட்டு வேளையில் சொன்னார்: "விற்காமல் இருப்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு. நீங்கள் இப்போது விற்காமல்தான் இருக்கிறீர்கள்."

எத்தனையோ கோப்புக் குறிப்புகளில் இல்லாத தெளிவு அந்த இரண்டு வாக்கியங்களில் இருந்தது. புதியது வாங்குவதை நாம் முடிவு என்கிறோம். அதற்கு நாள் பார்க்கிறோம், பணம் ஒதுக்குகிறோம், எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். பழையதை வைத்துக்கொள்வதையோ முடிவைத் தள்ளிப்போடுவதாகவே நடத்துகிறோம். அதற்குப் பணம் ஒதுக்குவதில்லை, எல்லை வகுப்பதில்லை. பிறகு நடுவழியில் அது நின்றுவிட்டால் வண்டியை வைகிறோம். வைத்துக்கொள்வதும் வாங்குவதைப் போன்ற ஒரு முடிவே. அதற்கும் விலை உண்டு, நிபந்தனை உண்டு.

ஆகவே ஒரு தாளை எடுத்து நிபந்தனைகளை எழுதினேன். ஒன்று: வண்டியைப் புதுப்பித்து, ஐந்தாண்டு வைத்துக்கொள்வது. இரண்டு: பழுதானாலும் ஆகாவிட்டாலும் மாதம் 2,500 ரூபாய் தனியே எடுத்து வைப்பது. மூன்று: இனி அது நகர எல்லைக்குள் மட்டுமே ஓடும், ஊருக்கு ரயிலில் செல்வது. நான்கு: ஒரே ஆண்டில் பழுதுச் செலவு 45,000 ரூபாயைத் தாண்டினாலோ, தரைத்தகட்டில் துரு ஏறினாலோ, ஐந்தாண்டுக்குக் காத்திராமல் உடைப்பகத்தில் ஒப்படைத்துவிடுவது. இந்நான்காவது நிபந்தனையை வண்டி நன்றாக ஓடும்போதே எழுதிவைப்பது அவசியம். நாற்பதாயிரம் செலவழித்தவனுக்கு இன்னும் ஐயாயிரம் செலவழிக்கத் தயக்கம் வராது. போட்ட பணமே மேற்கொண்டு போடச் சொல்லும்.

தாளைத் தாயாரிடம் படித்துக் காட்டினேன். "குனிஞ்சு ஏறத்தான் சிரமமா இருக்குய்யா. மத்தபடி அதுக்கென்ன கொறை?" என்றார்கள். அது என் கணக்கிலும் மிஸ்திரியின் கணக்கிலும் வராத செய்தி. முன்னிருக்கையில் அழுத்தமான ஒரு திண்டு போட்டு உயர்த்தினோம். ஐந்தாவது நிபந்தனையாக அதையும் எழுதிக்கொண்டேன்: திண்டு போட்டும் அவர்களால் ஏற முடியாத நாள் வந்தால், மற்ற நான்கையும் பாராமல் வண்டியை மாற்றிவிடுவது.

பரிசோதனையில் வண்டி தேறியது. 2030 வரை பதிவு நீண்டது. ரப்பர்க் குழாய்கள் மாற்றப்பட்டன. அந்தத் தாள் காப்பீட்டுப் பத்திரத்துடன் வண்டியின் உள்பெட்டியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழுதுச் செலவை அதன் பின்புறத்தில் குறித்துவருகிறேன். இதுவரை 11,400 ரூபாய் ஆகியிருக்கிறது.