மூலமும் ஓரமும்

என் மூத்த சகோதரியின் கணவர் விருத்தாசலத்தில் பீங்கான் வியாபாரம் செய்தவர். சூளையிலிருந்து இறங்கும் சரக்கை ஊர் ஊராய் அனுப்பிச் சேர்த்த பணத்தில், 1986ஆம் ஆண்டில் ஒரு கான்டெஸா கார் வாங்கினார். அந்நாளில் அம்பாசடர் வைத்திருந்தவர் செல்வந்தர். கான்டெஸா வைத்திருந்தவர் சீமான். மச்சான் மர்ஹூம் ஆனபின், அந்தக் கார் கீற்றுக் கொட்டகையில் நின்றுவிட்டது.

சென்ற ஆண்டு மருமகன் வந்தான். "மாமா, அத்தாவின் வண்டியில் புதிய டீசல் எஞ்சின் பொருத்தலாம் என்கிறார் மெக்கானிக். பழையதை எடைக்குப் போட்டுவிடலாமாம்" என்றான்.

"கூடாது" என்றேன்.

அவன் பணிவாகவே வாதாடினான். "இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் கார் வடிவத்தில் அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். ஏறத்தாழ 50 குதிரைத்திறன். அந்தப் பெரிய உடலுக்குப் போதவில்லை. பின்னர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியே ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினுக்கு மாறவில்லையா? இதில் அசல் எது, மாமா?"

விடை சொல்லத் தெரியாமல் திரும்பினேன். இரவில் மதரஸா நாட்கள் நினைவுக்கு வந்தன. எங்கள் உஸ்தாத், கிதாபின் மூலமாகிய 'மத்ன்' மீது பேனா படவிடமாட்டார். ஐயமோ விளக்கமோ, 'ஹாஷியா' எனும் ஓரத்தில்தான் எழுதவேண்டும். நூலாசிரியர் தம் நூலைத் திருத்தலாம். அது அவர் உரிமை. ஓத வந்தவன் அழித்தெழுதினாலோ, அடுத்து வருபவனுக்கு மூலமே இல்லாமற் போகும்.

2021இல் மத்திய அரசு வகுத்த விதியும் இதற்கு நெருங்கியதே. முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து, சட்டகமும் கூடும் எஞ்சினும் பெருமாற்றம் அடையாத சொந்த வாகனத்தையே அது 'விண்டேஜ்' என்கிறது. மச்சானின் காருக்கு அந்த வயது 2036இல் வரும். 2018இல் இளவரசர் ஹாரி தம் திருமண நாளில் மின்மோட்டார் பொருத்திய பழைய ஜாகுவாரை ஓட்டியபோது உலகம் வியந்தது. பழங்கார்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்போ மறு ஆண்டு, அப்படி மாற்றுவோர் கழற்றிய பாகங்களைக் குறியிட்டுப் பாதுகாத்து, மீண்டும் பொருத்த வழி வைக்கவேண்டும் என்றது.

மறுநாள் இதையெல்லாம் சொன்னேன். அக்கா இடைமறித்தார்: "தம்பி, உன் மச்சான் ஓட்டத்தானே வாங்கினார்? கொட்டகையில் துருப்பிடிப்பதற்கா?"

நான் தலைகுனிந்தேன். மாற்றாதே என்றவன், பேணு என்று சொல்ல மறந்திருந்தேன். செல்லரிக்க விட்ட கிதாபும் அழிந்த கிதாபுதானே!

அம்பாசடர் எஞ்சின் என்பதால் உதிரிபாகங்களுக்குக் குறைவில்லை. போரிங் செய்து பிஸ்டன் மாற்றினார்கள். பின்னிருக்கைக்கு இருக்கைப் பட்டை மட்டும் புதிதாய்ச் சேர்த்தோம். அது எங்கள் ஹாஷியா.

இப்போது வெள்ளிதோறும் அக்காவை ஏற்றிக்கொண்டு அந்தக் கார் மணிமுத்தாற்றுப் பாலத்தை மெதுவாகவே கடக்கிறது. மச்சானும் மெதுவாகத்தான் ஓட்டுவார்.