சட்டை என்கிற உவமை

பாம்பு உரித்துப் போடுவதற்குத் தமிழில் சட்டை என்று பெயர். கஞ்சுகம் என்ற வடசொல்லும் அப்படித்தான். சட்டைக்கும் பாம்புரிக்கும் அது ஒன்றே. சைவ சித்தாந்தம் ஆன்மாவின் மேல் ஐந்து கஞ்சுகங்களைப் போர்த்தி வைத்திருக்கிறது. முல்லைப்பாட்டில் யவனர்கள் அணிந்து வருகிற சட்டை மெய்ப்பை, அதாவது உடம்பைப் போட்டு வைக்கிற பை. பின்னால் வந்த சித்தர்கள் உடம்பையே பை என்று ஏசிவிட்டுப் போனார்கள். கீதைக்கோ உடம்பு, பழையதானால் களைந்து போடுகிற துணி. எங்கே தொட்டாலும் இந்த ஒரே உவமைதான் கையில் அகப்படுகிறது. தோல் துணி, உடுத்தியிருப்பவன் வேறு. மரபு இவ்வளவு ஒருமனதாக ஒரு விஷயத்தைச் சொன்னால் விமர்சகனுக்குக் கொஞ்சம் சந்தேகம் வரவேண்டும்.

எனக்குச் சந்தேகம் வந்தது என் தகப்பனாரை முன்னிட்டு. அவருக்கு 61 வயதில் இரைப்பையைச் சுருக்குகிற ஆபரேஷன் நடந்தது. அப்போது 168 சென்டிமீட்டர் உயரத்துக்கு 116 கிலோ இருந்தார். 20 வருஷத்துச் சர்க்கரை வியாதி. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அடுத்த மூச்சு வருகிற வரை அம்மா விழித்துக்கொண்டு கிடப்பாள். பதினெட்டு மாதத்தில் 46 கிலோ போயிற்று. இன்று 70. மாத்திரைகளில் பாதி நின்றுவிட்டது, மூச்சுக் கருவி பரணுக்கு ஏறிவிட்டது, அம்மா தூங்குகிறாள். இது சாமானிய லாபமல்ல. கீழே நான் சொல்கிற எதையும் இந்த லாபத்தைக் கழித்துக்கொண்டு படிக்கக் கூடாது.

இந்த ஆபரேஷனுக்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பெயர் ஸ்லீவ். இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சட்டைக்கை மாதிரி ஒடுக்கமான குழாயாக ஆக்கிவிடுகிறார்கள். இங்கேயும் சட்டைதான்.

கொழுப்பு போயிற்று, தோல் தங்கிவிட்டது. ஏன் கூடவே சுருங்கவில்லை என்று கேட்காத உறவினர் இல்லை. நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், கடலை மாவு என்று ஆளுக்கொரு வைத்தியம். விஷயம் இதுதான். தோலின் அடியடுக்கில் கொலாஜன் என்ற புரதம் தாங்கிப் பிடிக்கிறது. எலாஸ்டின் என்ற இன்னொன்று, இழுபட்டதைப் பழைய இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவருகிறது. இந்த எலாஸ்டினைக் கருவிலும் சிறு பிராயத்திலுமாக உடம்பு பெரும்பாலும் செய்து முடித்துவிடுகிறது. ஆள் வளர்ந்த பிறகு புதிதாகச் செய்வது மிகக் குறைவு. 25 வயதில் இளைக்கிறவனுக்கு ஓரளவு திரும்பும். முப்பது வருஷம் இழுபட்டு, வெயில் தின்று, சிகரெட் தின்று, நைந்த இழைகள் 61 வயதில் எந்த எண்ணெய்க்கும் திரும்பாது. நரை, திரை, மூப்பு என்கிறோமே, அதில் வருகிற திரையும் இல்லை இது. திரை எல்லோருக்கும் வருவது, காலம் மெள்ளப் போடுகிற கோடு. இது இல்லாமற்போன ஒரு ஆளின் அளவு. இதற்கு நம்மிடம் சொல் இல்லை. ‘தொங்குது’ என்கிற வினைதான் இருக்கிறது.

அப்பாவுக்கு வயிற்றுத் தோல் மடிந்து இறங்கி, மேல் தொடை வரை விழுகிறது. மேற்கைகளிலும் மார்பிலும் தொடைகளின் உட்புறத்திலும் இதே கதை. நாகர்கோவிலின் ஈரக் காற்றில் மடிப்புக்குள் வேர்வை தங்கி, பூஞ்சை பிடித்து, சிவந்து, வெடித்து நாறுகிறது. தினமும் குளித்த பிறகு மடிப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மின்விசிறிக்கு முன்னால் அரை மணி நேரம் நிற்கிறார். பிறகு பவுடர். சாயங்காலம் மறுபடியும்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைகள் வீட்டுக்குள் சட்டை போடுவதில்லை. 116 கிலோவில் அப்பா திண்ணையில் வேட்டியோடு, வெறும் மேலோடுதான் உட்கார்ந்திருப்பார். அந்த வயிறு ஒரு அந்தஸ்து. வாடகை கொடுக்க வருகிறவனும், கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவனும் அதற்கு முன்னால் நின்றுதான் பேசினார்கள். இப்போது படுக்கும்போதும் பனியன் போட்டிருக்கிறார். திருவிதாங்கூர் வழக்கம் மிஞ்சியிருக்கிற எங்கள் கோவில்களில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சன்னிதிக்குப் போவது. மாசத்துக்கு ஒரு தடவை சுசீந்திரம் போய்க்கொண்டிருந்தவர் இரண்டு வருஷமாகப் போகவில்லை. கேட்டால் முட்டுவலி என்கிறார். முட்டுவலி 46 கிலோவோடு போய்விட்டது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தையல்காரரிடம் கொடுத்து எட்டுச் சட்டைகளைப் பிடித்துத் தைத்து வாங்கி வந்த அன்று சொன்னார்: “சட்டையெல்லாம் ஆல்டர் பண்ணியாச்சு மக்கா. இந்தச் சவத்தை எவன்கிட்ட குடுக்க?”

எங்கள் ஊரில் எரிச்சலூட்டுகிற எதுவும் சவம்தான். பூட்டாத பூட்டு, வராத பஸ், பெய்யாத மழை. அகராதி பார்த்து அர்த்தம் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் சட்டையும் சவமும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றதை நான் கவனித்தேன். கவனிக்காமல் இருக்கத் தெரியாதது இந்தத் தொழிலின் (வங்கியைச் சொல்லவில்லை) கோளாறு.

பி.ஏ.யில் எங்களுக்கு நான்காம் ஹென்றி முதல் பாகம் பாடமாக இருந்தது. மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி. ஃபால்ஸ்டாஃப் தான் மெலிந்துவிட்டதாகப் பார்டால்ஃபிடம் புலம்புகிறான். தன் தோலுக்கு அவன் தேடிப் பிடிக்கிற உவமையும் உடைதான், அதிலும் ஒரு கிழவியின் உடை. வகுப்பு சிரித்தது. சிரிக்கவேண்டிய இடமும்தான், அவன் இம்மியும் இளைக்கவில்லை. தளர்ந்த தோல் அங்கே ஒரு பருத்த மனிதனின் பொய்யாக வருகிறது. ஆனால் அதே ஷேக்ஸ்பியர் ஐந்தாம் ஹென்றியில் ஃபால்ஸ்டாஃபின் சாவை மேடையில் காட்டாமல் விடுதிக்காரியைச் சொல்லவைக்கிறார். அவள் படுக்கைக்குள் கையை விட்டு அவன் பாதத்தைத் தொட்டதை, முழங்காலைத் தொட்டதை, மேலே போகப்போகக் குளிர்ந்திருந்ததைச் சொல்கிறாள். அங்கே உடை கிடையாது. தொடுகிற ஒரு கையும் தொடப்படுகிற உடம்பும்தான் இருக்கின்றன. இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் இருக்கிற தூரம் எனக்கு வகுப்பில் சொல்லித் தரப்படவில்லை.

நம்மிடமும் இந்த இரண்டு பார்வைகளும் உண்டு. பெரியபுராணத்தில் காரைக்கால் அம்மையார் கணவனுக்காகச் சுமந்த தசையை வேண்டாமென்று உதறிப் பேயுருக் கொள்கிறார். ஒரு விண்ணப்பம், ஒரு உதறல், முடிந்தது. தசை போன பிறகு தோல் என்ன ஆயிற்று என்று சேக்கிழார் கேட்கவில்லை. அவருக்கு அது கழற்றி வைத்த அணி. அம்மையார் சொந்தமாகப் பாடிய திருவாலங்காட்டு மூத்த பதிகத்தைப் படித்தால் சங்கதி வேறு. பேயின் உடம்பை அவர் உறுப்பு உறுப்பாகப் பார்க்கிறார். வற்றிய முலை, எழுந்த நரம்பு, குழிந்த கண், ஒட்டிய வயிறு. அருவருப்பும் இல்லை, விடுதலை கொண்டாட்டமும் இல்லை. இருக்கிறதை இருக்கிறபடி சொல்கிற ஒரு பெண்ணின் கண். பல நூற்றாண்டு பிந்தி வந்த ஆண் புலவர் அதை ஒரு ஆடைக் களைவாகச் சுருக்கிவிட்டார் என்பது என் அபிப்பிராயம். பக்தர்கள் மன்னிக்கட்டும், அல்லது மன்னிக்காமல் போகட்டும்.

ஒரு படத்தையும் சொல்லிவிடுகிறேன். சிஸ்டைன் தேவாலயத்தின் பலிபீடச் சுவரில் மிக்கேலாஞ்சலோ 1541இல் முடித்த இறுதித் தீர்ப்பு. தோலுரித்துக் கொல்லப்பட்டவர் என்று ஐதீகம் சொல்கிற புனித பர்த்தலோமேயு, ஒரு கையில் கத்தியும் மறு கையில் உரிந்த தன் தோலுமாக மேகத்தில் உட்கார்ந்திருக்கிறார். புனிதருக்குப் புது உடம்பு வந்துவிட்டது, திடமாக, குறையில்லாமல். பழைய தோல் நனைந்த துணியைப் போல் தொங்குகிறது. அந்தத் தோலில் இருக்கிற முகம் ஓவியனுடையது என்று பலரும் கருதுகிறார்கள். அப்போது மிக்கேலாஞ்சலோவுக்கு 66 வயது. மீண்டெழுந்த உடம்பில் தன் முகத்தை வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

அப்பாவின் டாக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழில் இந்த மடிப்புக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று ஏப்ரன், சமையற்காரன் முன்னால் கட்டிக்கொள்கிற துணி. மற்றது பானஸ். லத்தீனில் அதற்கும் துணி, கந்தல் என்றுதான் அர்த்தம். எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதை வைத்து ஐந்து படிகள் வகுத்திருக்கிறார்கள். முழங்காலைத் தொட்டால் ஐந்து. அப்பாவுடையது மூன்றாம் படி. வெட்டி எடுத்துவிடலாம், இடுப்பின் ஒரு எலும்பிலிருந்து மறு எலும்பு வரை தழும்பு இருக்கும், சர்க்கரை இருப்பதால் காயம் ஆறத் தாமதமாகலாம், எடை நிலைத்துவிட்டதால் இது சரியான சமயம் என்றார் டாக்டர். செலவுக்குக் காப்பீட்டைக் கேட்டோம். முதல் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்ததே இந்தக் காப்பீடுதான்.

பதில் இரண்டு வரி. இது அழகுக்கான சிகிச்சை, ஆகவே இல்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் தரப்படுத்திய விலக்குகளில் 06ஆம் எண் உடல் பருமன், 08ஆம் எண் அழகு சிகிச்சை. நான் கவிதை படிக்கிற மாதிரிதான் இவற்றைப் படித்தேன். 06 சில நிபந்தனைகளோடு கதவைத் திறக்கிறது. உடல் நிறைக் குறியீடு 40க்கு மேல், அல்லது 35க்கு மேல் இருந்து கூடவே கடுமையான உபாதைகளும் இருந்தால் ஆபரேஷனுக்குப் பணம் உண்டு. 08 தோற்றத்தை மாற்றுகிற எந்தச் சிகிச்சைக்கும் கதவைச் சாத்திவிட்டு, விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்று மூன்றுக்கு மட்டும் திறக்கிறது. பிறகு ஒரு ஜன்னல்: நேரடியான, உடனடியான ஆபத்தை நீக்குவதற்கு அவசியம் என்று சிகிச்சை செய்கிற டாக்டர் சான்று கொடுத்தால் பரிசீலிக்கலாம். இந்த இரண்டு பெயரடைகளில்தான் அப்பா மாட்டிக்கொண்டிருக்கிறார். அவருடைய புண் நேரடியானது, உடனடியானதல்ல, தினசரியானது. தினசரியான துன்பத்துக்கு அந்த வாக்கியத்தில் இடம் விடப்படவில்லை. துரதிர்ஷ்டத்தால் தோல் கெட்டவனுக்கு உண்டு. டாக்டர் சொன்னதைக் கேட்டு, உண்டதைக் குறைத்து, சொன்னபடி இளைத்துக் காட்டியவனுக்கு மிஞ்சிய தோல் தோற்றம் சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. எட்டாம் எண்ணை எழுதியவரும் கீதை படித்தவராகத்தான் இருக்கவேண்டும். தோல் துணி, பிடித்துத் தைப்பது உன் ஆசை, உன் செலவு.

எழுதியவரை நான் திட்டவில்லை. பன்னிரண்டு வருஷமாக மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து இரண்டு வரிப் பதில்களை நானும் அடித்துக்கொண்டிருப்பவன். அந்த வாக்கியங்களுக்கு யாரும் ஆசிரியர் அல்ல. அதனால்தான் அவற்றில் பழைய உவமைகள் தடையில்லாமல் வாழ்கின்றன.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி மின்சாரம் போய்விட்டது. மழை இல்லை, காற்றும் இல்லை. இருட்டில் நானும் இருப்பது தெரியாமலோ, தெரிந்தேதானோ, அப்பா பனியனைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் பட்டென்று தன்மேல் அடித்துக்கொண்டார். மடியில் கிடந்த மடிப்பின் நுனியில், வயிற்றிலிருந்து ஒரு சாண் தள்ளி.

“கொசுவா?”

“ஆமா. சரியான கடி.”

வேட்டியில் கொசு உட்கார்ந்தால் உடுத்தியவனுக்குத் தெரியாது. நான் இலக்கியத்திலிருந்து இதுவரை திரட்டிய ஆட்சேபங்களை எல்லாம் சேர்த்தாலும் அந்த அடிக்கு இணையாகாது. அந்த நுனி வரைக்கும் அவர்தான் இருந்தார்.

மேல்முறையீட்டுக் கடிதத்தை நான் எழுதினேன். டாக்டரிடம் போய்ப் புதுச் சான்றிதழ் வாங்கினேன்; ஏப்ரன் என்ற சொல்லை எடுத்துவிடச் சொன்னதற்கு அவர் ஆச்சரியப்பட்டார், ஆனால் எடுத்துவிட்டார். கடிதத்தில் மடிப்பின் நீளமும் அகலமும் சென்டிமீட்டரில் இருக்கின்றன. இரண்டு வருஷத்தில் புண் வந்த தேதிகள், ஒவ்வொன்றும் ஆறுவதற்கு எடுத்த நாட்கள், பூஞ்சை மருந்துச் சீட்டுகள், ஒரு தடவை சீழ் வைத்து ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாட்கள். கடிதத்தை அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். “கணக்கு மாதிரி இருக்கு. நல்லாருக்கு” என்று கையெழுத்துப் போட்டார்.

புகைப்படமும் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். ஜன்னலோரம் வெளிச்சத்தில் நின்றார். முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மடிப்பைத் தூக்கிப் பிடித்தபடி ஒன்று. நான் கைபேசியில் எடுத்தேன். தகப்பன் நிற்க மகன் எடுக்கிற படமல்ல அது. இருவரும் பேசவில்லை. முடிந்ததும் “முகம் வரல்லல்லா?” என்று மட்டும் கேட்டார். வரவில்லை, கழுத்துக்குக் கீழேதான் எடுத்திருந்தேன்.

இப்போது அடையாளத்துக்காக முகமும் தெரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று தகவல் வந்திருக்கிறது. அப்பாவிடம் சொன்னேன். பதில் சொல்லவில்லை. மறுநாள் கேட்டதற்கு, “பாப்போம், இப்ப என்ன அவசரம்” என்றார். கடிதமும் இணைப்புகளும் என் மேஜை இழுப்பில் இருக்கின்றன. தவணைக்கு இன்னும் 11 நாள் இருக்கிறது.