எஞ்சியவை இரண்டே அதிகாரம்: பவணந்தி முனிவர்க்குக் கையறுநிலை

பவணந்தி முனிவ! அண்ணாமலையின் மேலைச் சாரலில், அடி அண்ணாமலை என்னும் சிற்றூரில் நின்று உன்னை விளிக்கிறேன். இது நீ பிறந்த ஊரன்று. சன்மதி முனிவர் வழிவந்தவன் நீ என்றும், சனகை உன் ஊர் என்றும் உன் இலக்கண நூலாகிய நன்னூலின் சிறப்புப்பாயிரம் சொல்லும். அந்தச் சனகை கொங்கு நாட்டுச் சீனாபுரமே என்பார் பலர். கன்னட நாட்டில் அதைத் தேடுவாரும் உளர். ஊர் இன்னதென்று உறுதியாக உரைக்கவொண்ணாத ஒருவனுக்கு எவ்வூரில் நின்று இரங்கினால் என்ன?

ஆயினும் இவ்விடத்தை நான் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இம்மலைக்கு வடக்கே போளூர்த் திருமலையில், குந்தவையின் பெயர் தாங்கிய சமணக் கோயிலும், பாறையில் வடித்த நெடிய நேமிநாதர் திருவுருவும் இன்றும் நிற்கின்றன. வந்தவாசி, ஆரணி வட்டாரத்து ஊர்களில் உன் சமயத்துத் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர். வடமேற்கே மலைத்தொடர்களுக்கு அப்பால், உன்னைப் புரந்த சீயகங்கனின் குவளாலபுரம், இன்றைய கோலார். மேற்கே செங்கம். அங்கே கல்லெல்லாம் இறந்தாரைப் பேசும்.

இறந்தவனுக்கு எவ்வாறு இரங்குவது என்பதற்கும் இலக்கணம் வகுத்த மொழி நம் மொழி. கல்லைக் காண்பது, கொள்வது, நீராட்டுவது, நடுவது, படைப்பது, வாழ்த்துவது என நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியர் படிப்படியாக வைத்தார். தலைவன் மாய்ந்தபின் சுற்றத்தாரும் பாணரும் செயலற்றுப் புலம்புவதைக் கையறுநிலை என்று புறத்துறையுள் அடக்கினார். அந்த இலக்கணத்துக்கு இலக்கியமாகச் செங்கத்து நடுகற்கள் நிற்கின்றன. ஆநிரை மீட்டு மாண்டவன், ஊர் காத்து மாண்டவன் என ஒவ்வொருவனுக்கும் பெயரும், அரசனின் ஆட்சியாண்டும், பட்ட செய்தியும் வட்டெழுத்தில் பொறித்தார்கள்.

அவ்வட்டாரத்து எடுத்தனூரில் ஒரு கல் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. மாண்ட வீரனோடு, அவன் அருகே நின்று கள்வர் இருவரைக் கடித்த நாயையும் அக்கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். நன்றி மறவாத நாயின் பெயரைப் பதினான்கு நூற்றாண்டு மறவாமல் வைத்திருக்கும் நாடு இது. முனிவ, அந்நாட்டில் நின்று கேட்கிறேன்: எழுதும் தமிழுக்கு எல்லை கட்டிக் காத்தவனை நாங்கள் எவ்வளவு நினைத்தோம்?

அக்கற்களின் மொழியைக் கண்டால் உன் உழைப்பின் அருமை விளங்கும். மகேந்திரவர்மன் அங்கே மயிந்திர பருமன் ஆகிறான். சிம்மவிஷ்ணு சிங்கவிண்ண பருமன் ஆகிறான். அயற்சொல்லைத் தன் நாவுக்கு இணக்கிக்கொண்ட ஊர்மக்களின் தமிழ் அது. நாவில் இயல்பாய் நிகழ்ந்த அந்த மாற்றத்தை நெறியாக்கி, எந்த வடவெழுத்து தமிழில் எதுவாய்த் திரியும் என்று உன் பதவியலில் நிரல்பட வைத்தாய். விதியை முன்னே வைத்து மக்களை அதன் பின்னே இழுத்தவன் அல்லன் நீ. வழக்கையும் செய்யுளையும் ஆராய்ந்து நூல் செய்த தொல்காப்பியரின் அடியொற்றி, பல நூற்றாண்டுக் கால மாற்றங்களை உள்வாங்கி, சுருங்கிய நூற்பாக்களில் வழியமைத்தாய்.

மூன்றாம் குலோத்துங்கன் சோழநாடு ஆண்ட காலம் (1178–1218) உன் காலம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தையும் தொகுத்துத் தருக என்று சீயகங்கன் வேண்டினான் என்பது பாயிரச் செய்தி. எங்கள் கைக்கு வந்தவை எழுத்தும் சொல்லும் மட்டுமே: 462 நூற்பாக்கள், இரண்டே அதிகாரம். அந்தோ! மூன்று அதிகாரங்களை நீ எழுதவே இல்லையோ, எழுதியதைக் காலம் தின்றதோ! பாகனை இழந்த யானைபோல் அணியும் யாப்பும் பொருளும் உன் நடையைக் காணாமலே நின்றுவிட்டன.

இழந்தது உன்னை மட்டுமா? அகத்தியம் எங்கே? காக்கைபாடினியம் எங்கே? அவிநயம் எங்கே? உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டிய சில சூத்திரங்களே அவற்றில் எஞ்சின. அவிநயத்துக்கு இராசபவித்திரப் பல்லவதரையன் என்பான் உரை கண்டான் என்று உன் நூலின் முதல் உரைகாரர் மயிலைநாதர் குறிக்கிறார். அந்த நூலும் மாய்ந்தது. அந்த உரையும் மாய்ந்தது. உரைகண்டான் பெயர் மட்டும் இன்னொருவர் உரையில் ஒண்டிக்கொண்டு உயிர்வாழ்கிறது. எத்தனை கண்கள் விளக்கொளியில் ஏடு நோக்கி மங்கின! எத்தனை கைகள் எழுத்தாணி பிடித்துக் காய்த்தன! கறையானுக்கும் நெருப்புக்கும் வெள்ளத்துக்கும் நம் அசட்டைக்கும் அவையெல்லாம் இரையாயின.

புலம்பும் என்னை நீயே தடுப்பாய் என்பதும் அறிவேன். மொழியில் முதியவை விடைபெறுவதும் இளையவை இடம்பெறுவதும் காலத்தின் இயல்பு, அதைக் குற்றம் எனக் கொள்ளற்க என்று விதித்தவன் நீயல்லவா? அவ்விதிக்கு நான் தலைவணங்குகிறேன். வட்டெழுத்து வழக்கொழிந்தது, அதற்காக அழவில்லை. வீரமாமுனிவர் காலத்தில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வடிவில் வேறுபட்டன, 1978இல் அரசாணை ணை, லை, னா போன்றவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது, அதற்காகவும் அழவில்லை. எழுத்து மாறலாம், சொல் மாறலாம், நெறியும் மாறலாம். மாற்றம் இன்னதிலிருந்து இன்னதற்கு என்று அறிந்து சொல்ல ஒருவரும் இல்லாமற்போவதே சாவு. என் இரங்கல் அதற்கே.

உன்னைக் காத்தோரையும் இங்கே பாடவேண்டும். நீ சமணன், மயிலைநாதரும் சமணர். உன் நூலுக்குப் பின்னர் விரிவாக உரை வகுத்த சங்கரநமச்சிவாயர் சைவர். அதைத் திருத்தி விருத்தியுரையாக்கிய சிவஞான முனிவர் திருவாவடுதுறைச் சைவ ஆதீனத்துத் துறவி. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் காண்டிகையுரை தந்தார். மயிலைநாதர் உரையை உ.வே.சாமிநாதையர் 1918இல் அச்சேற்றினார். வாதத்தில் எதிரெதிர் நின்ற சமயங்கள் உன் நூற்பாவின் முன் ஒரே பலகையில் அமர்ந்தன. தமிழுக்குப் பொதுநெறி ஒன்று வாய்த்தது இப்படித்தான்: ஒருவர் ஆணையால் அன்று, பலர் பேணலால். அந்தப் பேணல் மரபு, திண்ணையில் நூற்பாவை நெட்டுருச் செய்து, உரையை வாய்மொழியாய்க் கேட்டு, ஐயம் வினவித் தெளிந்த மரபு, எங்கள் கண்முன்னே அருகிவிட்டது.

மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று இவ்வூர் போற்றும். அவருக்கு இங்கே கோயிலும் உண்டு. துயிலெழுப்பும் பெண்பிள்ளைகளின் உரையாடலை அப்படியே செய்யுளாக்கினார் அவர். பேச்சுக்கும் செய்யுளுக்கும் இடையே பகை இல்லை என்பதற்கு அப்பாடல்கள் சான்று. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் இவ்வழியே மலைவலம் வருகிறார்கள். அவர்தம் பேச்சில் வட ஆற்காடும் நெல்லையும் கொங்கும் ஈழமும் ஒலிக்கின்றன. ஒருவர் பேச்சு மற்றவர்க்கு விளங்குகிறது. எழுதினாலோ எல்லார்க்கும் விளங்குகிறது. அப்படி விளங்கச் செய்தோருள் முன்னிற்பவன் நீ. வலம் வருவோரில் உன் பெயர் சொல்வார் யார்?

தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளை நடந்தனன் என்னும் சொல்லைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் எனப் பிரிக்கிறது. மதிப்பெண் பெறுகிறது, மறந்துவிடுகிறது. அந்தப் பகுப்பு எண்ணூறு ஆண்டுக்கு முன் ஒருவன் தந்த கொடை என்பது அதற்குத் தெரிவதில்லை. தெரிவிப்பார் இல்லாதபோது பிள்ளை மேல் பழி ஏது?

படிப்போரே, தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களே, உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். நன்னூலைத் தேர்வுக்கு அப்பாலும் ஒருமுறை உரையோடு முழுதும் படியுங்கள்; வகுப்பில் அதன் விதியைச் சொல்லும்போது விதித்தவன் பெயரையும் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ மடத்துப் பெட்டியிலோ ஏட்டுச்சுவடி கிடந்தால், ஆற்றில் விடாதீர்கள், அடுப்பில் இடாதீர்கள். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கோ தஞ்சை சரசுவதி மகாலுக்கோ உ.வே.சா. நூல்நிலையத்துக்கோ கொடுங்கள். போன மூன்று அதிகாரம் மீளுமோ மீளாதோ. எஞ்சிய இரண்டும் நம் கையில் மாயக்கூடாது.