துப்பாக்கிக்கும் ஒரு டைம்டேபிள்

வான்கோழி என்றாலே மயிலைப் பார்த்து ஆடப் போய் மானம் கெட்ட பறவை என்றுதான் நமக்கெல்லாம் பள்ளிக்கூடப் பழக்கம். நண்பர்களே, அதன் சொந்த ஊர் அமெரிக்கக் காடு. அங்கே அது பறந்து போய் மரத்தின் மேல்தான் தூங்கும்!

காட்டை வெட்டியும், கணக்கில்லாமல் சுட்டும் அதை ஏறக்குறைய தீர்த்தே கட்டிவிட்டார்கள். மிசௌரி மாநிலத்தில் 1952-ல் மிஞ்சியவை 2,500-க்கும் குறைவு. பண்ணையில் வளர்த்ததைக் காட்டில் விட்டார்கள், பிழைக்கவில்லை. பிறகு மக்காச்சோளம் போட்டு வரவழைத்து, சிறு பீரங்கிகளால் வலையை வீசி, காட்டுப் பறவைகளையே உயிரோடு பிடித்து வேறு காடுகளில் குடியேற்றினார்கள். (மெக்கானிக்கல் பசங்க அந்த வலைப் பீரங்கியைப் பற்றிப் படிக்கணும்!) 1960-ல் 14 கவுண்டிகளில் மட்டும், மூன்றே நாள் வேட்டைக்கு அனுமதி. விழுந்தவை 94. இன்று 114 கவுண்டிகளிலும் சீசன் உண்டு.

லைப்ரரியில் இதைப் படித்தபோது ஒரு விஷயம் என்னை உலுக்கியது. அந்த வேட்டை நடப்பது வசந்த காலத்தில், அதாவது இனப்பெருக்கக் காலத்தில்! என் அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். எங்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. மீன் முட்டையிடும் காலம் என்று கடலைப் பூட்டிவிடுவார்கள். அந்த நாட்களில் எங்கள் வீட்டு அடுப்பு மளிகைக்கடை நோட்டில்தான் எரியும். என் பரீட்சை ஃபீஸும் அப்போதுதான் வந்து நிற்கும். நாம் பூட்டும் நேரத்தில் அவர்கள் திறக்கிறார்களே, எப்படி?

விடை சுலபம். சேவலைத்தான் குறி வைக்கிறார்கள். நெஞ்சில் தாடி தொங்குவது அடையாளம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு சேரும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பெட்டை மட்டுமே. இணை சேர்ந்து முடிந்த பிறகு சில சேவல்கள் போனாலும் குஞ்சுக் கணக்கு அவ்வளவாகக் குறையாது.

அப்பாவிடம் சொன்னேன். "ஆம்பள மீனு, பொம்பள மீனுன்னு வலைக்குத் தெரியுமாடா?" என்றார். நியாயமான கேள்வி. துப்பாக்கிக்காரன் பார்த்துச் சுடலாம், இழுவலை பார்க்காது. ஆகவே கடலில் நாளைத்தான் பூட்ட முடியும். தடையே வேண்டாம் என்பதைவிட, நிவாரணப் பணம் தடைக்கு முன்பே கைக்கு வரணும் என்று கேட்பதே சரி என்பது என் கட்சி.

தேதி தப்பினால் துப்பாக்கியும் கெடுக்கும். ஜார்ஜியா மாநிலத்தில் பறவை குறையவே, 2022-ல் சீசனை ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளி, ஆளுக்கு மூன்று என்றிருந்ததை இரண்டாக்கினார்கள். பெட்டைகள் இணை சேருமுன்பே பெரிய சேவல்கள் விழுந்துவிடுகின்றனவோ என்ற கவலை.

மிசௌரியில் சுட்டவர் அன்றிரவு பத்து மணிக்குள் கணக்குச் சொல்லியாக வேண்டும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் நாம் படம் போடும் ஃபீட்பேக் இதுதான். எங்கள் இறங்குதளத்திலும் மீனைக் கணக்கெடுக்க ஆட்கள் வருவார்கள். அவர்கள் நோட்டைப் புரட்டும்வரை அப்பா டீ சொல்லிவிட்டு நிற்பார்.