“இவருக்குக் கை முறிஞ்சிட்டா சேர்?”

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

தரம் 10 பிள்ளைகளுக்கு மூட்டுகளைக் காட்டுவதற்காக, ப்ளெண்டர் என்ற இலவச மென்பொருளில் ஒரு மனித உருவத்தை அசைத்து புரொஜெக்டரில் போட்டேன். நேராக நின்றபோது அச்சொட்டாக மனிதன்தான். முழங்கையை மடக்கியதும் தண்ணீர் ஹோஸ் மடிந்தது போல உள்பக்கம் நசிந்துவிட்டது. “இவருக்குக் கை முறிஞ்சிட்டா சேர்?” என்று ஒரு பிள்ளை கேட்க, வகுப்பே சிரித்தது.

உருவத்தின் தோல் ஆயிரக்கணக்கான புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியும் மேற்கை எலும்போடு எவ்வளவு, முன்கை எலும்போடு எவ்வளவு அசைய வேண்டும் என்று பங்கு பிரித்திருக்கும். மடக்கும்போது மென்பொருள் அவற்றின் சராசரியை எடுக்கிறது. மூட்டருகில் அந்தச் சராசரி உள்ளே இழுபட்டு, கனவளவு குறைந்துவிடுகிறது.

மருந்து இருக்கிறது. கையை 90 பாகைக்கு மடக்கி, நசிந்த இடத்தை இழுத்துத் திருத்தி, அந்தத் திருத்தத்தைத் தனி வடிவமாகச் சேமிக்க வேண்டும். கரெக்டிவ் மோர்ஃப் என்பார்கள். பிறகு அதை எலும்பின் கோணத்தோடு கட்டிவிட வேண்டும்: 0 பாகையில் திருத்தம் இல்லை, 45இல் பாதி, 90இல் முழுதாக.

முழங்கை ஒரு வாரத்தில் சரிவந்தது. அது கதவுப் பிணைச்சல் மாதிரி, ஒரு பக்கம்தான் மடியும். தோளில்தான் மாட்டிக்கொண்டேன். முன்னுக்குத் தூக்க ஒரு திருத்தம், பக்கத்துக்குத் தூக்க ஒரு திருத்தம். இரண்டும் சேரும் இடத்தில் கக்கம் வீங்கியது. அந்தச் சேர்க்கைக்கு இன்னொரு திருத்தம் வேண்டும்.

அப்போதுதான் என் பழைய மாணவன் ஒருவன் ஞாபகம் வந்தான். இப்போது ஃபோன் கடையொன்றில் வேலை. படிக்கும் காலத்தில் இரவிரவாக இப்படி உருவங்கள் செய்துகொண்டிருந்தான். “கம்பியூட்டரை விட்டு எடுங்க, இல்லாட்டி இவன் உருப்பட மாட்டான்” என்று அவனுடைய வாப்பாவிடம் சொன்னது நான்தான். மறுவாரமே அவர் கம்பியூட்டரை விற்றுவிட்டார்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். நான்கு இரவில் அனுப்பினான். முழு உருவத்தையும் அல்ல, புள்ளிகள் எவ்வளவு நகர வேண்டும் என்ற கணக்கை மட்டும். இது வரவுப் பதிவேடு மாதிரி. இடையில் ஒரு பெயர் சேர்ந்தால் அதற்குக் கீழே உள்ள அடையாளமெல்லாம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். ஆகவே எடுப்பவர்கள் உருவத்தில் ஒரு புள்ளியைக்கூடக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கூடவே ஒரு வொய்ஸ் மெசேஜ்: “சேர், 60 பாகையில ஒருக்கா பாருங்க. கக்கத்துல இன்னும் கொஞ்சம் பிழை இருக்கு.” எனக்கு அந்தப் பிழை கண்ணில் படவேயில்லை.

மற்ற ஆசிரியர்களுக்கும் கொடுக்கலாம் என்றான். பெயர் போடவா என்று கேட்டேன். “வாணாம் சேர், வாப்பா கண்டா ஏசுவாங்க.”

அன்று முழுக்க அந்த வார்த்தை என்னை விடவில்லை. நேற்று இஷாவுக்குப் பிறகு, அவனுடைய சம்மதத்தோடு, லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்று நான் சொன்னது பிழை என்று வாப்பாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. திரையில் கை மெல்ல உயர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் கையை மெதுவாகத் தூக்கி, மறு கையால் தோளைத் தடவிப் பார்த்தார்.

“இன்னொருக்காப் போடுங்க சேர்” என்றார்.

வேண்டியவர்கள் கொமென்டில் சொல்லுங்கள், ஃபைலை அனுப்புகிறேன்.