கஷ்டமா இருந்தா நிஜமாயிடுமா?

கம்ப்யூட்டரில் போர் விமானம் ஓட்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எந்த விளையாட்டு 'நிஜம் மாதிரி' இருக்கிறது என்று சண்டை வந்தால், எது ஓட்டக் கஷ்டமோ அதுதான் நிஜம் என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். ஏறிய மூன்றாவது நிமிடம் விமானம் தட்டாமாலை சுற்றி விழுந்தால் "அப்பா, என்னா ரியலிசம்!" விழாமல் ஒழுங்காகப் பறந்தால் "இது சின்னப் பசங்க கேமுப்பா." அவ்வளவுதான். வழக்கு முடிந்தது :-)

கடையத்தில் ஒரு பி.காம். மாணவனும் இந்தக் கட்சிதான். மாடி அறையில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டர், மேஜையில் ஒரு பழைய ஜாய்ஸ்டிக். வார் தண்டரில் ஆரம்பித்து, ஐ.எல்-2 ஸ்டர்மோவிக்குக்கு மாறி, கடைசியில் டி.சி.எஸ். வேர்ல்டில் வந்து நின்றவன். அதில் அவன் ஓட்டுவது மிக்-21 பிஸ். 2014-ல் வெளிவந்த மாடல். மூக்குத் துவாரம் போல முன்னால் திறந்த வாய், முக்கோண இறக்கை, ஒற்றை எஞ்சின். நம் விமானப்படையில் 1963-லிருந்து இருந்த அதே குடும்பம்.

அதைத் தரையிறக்க அவனுக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதனால் அது நிஜம். அவன் கணக்கு அப்படி.

2025 ஜூலை. நல்ல சாரல். தோரணமலை காலையிலிருந்தே மேகத்துக்குள் போய்விட்டது. ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு அவன் மாமா மாடிக்கு வந்தார். அம்மாவின் தம்பி. ஏர்ஃபோர்ஸில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். விமானி இல்லை, டெக்னீஷியன். ஒருநாளும் விமானம் ஓட்டியதில்லை. ஆனால் வடக்கே ஒரு தளத்தில் வருடக்கணக்காக மிக்-21-க்குக் கீழே படுத்துக் கிடந்தவர்.

"மாமா, இதப் பாருங்க. அப்படியே உங்க மிக்குதான்" என்றான் பெருமையாக.

அவர் திரையைப் பார்க்கவில்லை. ஜாய்ஸ்டிக்கைப் பார்த்தார்.

"என்னல, கம்பு இவ்ளோ குட்டியா இருக்கு? அங்கன ரெண்டு காலுக்கும் நடுவுல நிக்கும். நீ ஒத்த வெரலால தள்ளுத. வேகம் கூடக்கூட கம்பு கனக்கணும்ல?"

முதல் அடியே சரியான இடத்தில் விழுந்தது.

மிக்-21-ல் குச்சியை இழுத்தால் அது நேராக வால் சிறகை அசைப்பதில்லை. நடுவில் ஹைட்ராலிக்ஸ் இருக்கிறது. அப்படியே விட்டால் விமானியின் கைக்குக் காற்றின் எதிர்ப்பே தெரியாது. தெரியாவிட்டால் ஆபத்து. அதிக வேகத்தில் ஒரு சின்ன இழுப்பு விமானத்தையே முறித்துவிடும். அதனால் செயற்கையாக ஸ்பிரிங் வைத்து, வேகத்தையும் உயரத்தையும் பார்த்து அதன் பிடியை மாற்றுகிற ஒரு கருவியையும் வைத்தார்கள். கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஒரு இயந்திரம்! வீட்டு ஜாய்ஸ்டிக்கில் இருப்பது ஒரே ஸ்பிரிங். மணிக்கு 300 கிலோமீட்டரிலும் அதே கனம், 1,100-லும் அதே கனம்.

ஆக, உள்ளே விமானத்தின் கணக்கை எவ்வளவு துல்லியமாக எழுதியிருந்தாலும், கைக்கு வந்து சேர்கிற விமானம் வேறு. பலர் 'கஷ்டம்' என்று சொல்வதில் பாதி இதுதான். குட்டிக் குச்சி லேசாக அசைந்தாலும் மூக்கு துள்ளுகிறது. நிஜ விமானி கையில் கனத்தை உணர்ந்து, அந்தக் கனம் போகும்வரை ட்ரிம் வைத்து, பிறகு கையைத் தளர விட்டுப் பறக்கிறார். வீட்டில் இருப்பவன் குச்சியோடு மல்லுக்கட்டுகிறான். மல்லுக்கட்டுவதை ரியலிசம் என்று நினைத்துக்கொள்கிறான்.

சரி, உள்ளே இருக்கும் கணக்காவது சரியா?

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகிவிட்டால் கணக்கு சரி என்று அர்த்தமா? முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள், இல்லை என்று. ஒரு பதிவை முழுசாக விட்டுவிட்டாலும் டேலி ஆகும். மெஷின் வாங்கியதைச் செலவில் எழுதினாலும் டேலி ஆகும். ஒரு தப்பை இன்னொரு தப்பு சமன் செய்தாலும் டேலி ஆகும்.

விமான விளையாட்டும் அப்படித்தான். பழைய விமானங்களின் கையேடுகள் இப்போது கிடைக்கின்றன. எந்த உயரத்தில் என்ன வேகம், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு ஏறும், எவ்வளவு வட்டத்தில் திரும்பும் என்ற எண்கள் அதில் இருக்கும். விளையாட்டை அந்த எண்களோடு டேலி செய்துவிடலாம். ஆனால் கையாளுதல் என்பது அந்த எண்களுக்கு நடுவில் நடப்பது. குச்சியை இழுத்தவுடன் மூக்கு எவ்வளவு சீக்கிரம் எழுகிறது, எழுந்தபின் தானே நிற்கிறதா, இறக்கை தூக்குவதை விடுமுன் எப்படி நடுங்கி எச்சரிக்கிறது... இதெல்லாம் கையேட்டின் அட்டவணையில் முழுசாக வராது. சுழன்று விழும் நிலையைப் பற்றிய தரவு இன்னும் குறைவு. அங்கே ஊகம்தான். எண்கள் டேலி ஆன விமானம், நடத்தையில் வேறு விமானமாக இருக்கலாம்.

இன்னொன்று. நிஜமான விமானம் எல்லாமே கஷ்டமானது இல்லை. நம் தேஜஸையே எடுத்துக்கொள்ளலாம். வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைத்த விமானம் அது. கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு மனிதன் அதை நேராகப் பிடிக்க முடியாது. கம்ப்யூட்டர் விநாடிக்குப் பலமுறை திருத்திக்கொண்டே இருப்பதால்தான் விமானியின் கைக்கு அது சாதுவாகத் தெரிகிறது. அங்கே சுலபமாக இருப்பதுதான் நிஜம்!

அந்தச் சாதுவான குணத்தைக் கொண்டுவர நம் ஆட்கள் பட்ட பாடு பெரிது. பெங்களூரில் தரை மாதிரியிலும் சிமுலேட்டரிலும் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்த்தார்கள். 1996-ல் அமெரிக்காவில், வேறு விமானத்தின் குணத்தைக் காட்டுமாறு மாற்றியமைத்த ஒரு எஃப்-16-ல் வைத்துச் சோதித்தார்கள். 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு வந்த தடையில் அமெரிக்கக் கதவு மூடியது. மிச்சத்தை இங்கேயே முடித்து, 2001 ஜனவரி 4 அன்று முதல்முறை பறக்கவிட்டார்கள். பிறகு கோயம்புத்தூர் பக்கம் சூலூருக்குத் தேஜஸ் படைப்பிரிவுகள் வந்தன. அந்தக் கட்டுப்பாட்டுக் கணக்கு ரகசியம். ஆகவே வீட்டு விளையாட்டுக்கு யாராவது தேஜஸ் செய்தாலும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே இருப்பது ஊகம். மிக்-21 போன்ற பழசுகள்தான் வீட்டுக்குள் ஓரளவு உண்மையாக வர முடியும்.

உடம்பின் விஷயம் தனி. 7 ஜி திருப்பத்தில் 70 கிலோ ஆள் 490 கிலோ கனப்பார். ரத்தம் காலுக்கு இறங்கும். திரும்பிப் பின்னால் பார்ப்பதே ஒரு வேலை. வீட்டில் திரை ஓரம் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவே. அதனால்தான் வீட்டு விமானி பத்து நிமிடம் விடாமல் திருப்பிக்கொண்டே இருக்கிறான். கையில் தேநீரோடு!

இதையெல்லாம் மாமா சொல்லவில்லை. அவர் சொன்னது இரண்டே வார்த்தை.

"காத்து எங்கல?"

"என்ன மாமா?"

"வெளிய பாரு. செங்கோட்டைக் கணவாயில பூந்து வர்ற காத்து எப்படித் தள்ளுது. ஒன் வெமானம் குத்துவெளக்கு மாதிரி நிக்கு. காத்தே இல்லாத ஊரு எங்கல இருக்கு?"

பிடிபட்டுவிட்டான். அந்த விளையாட்டில் காற்றை நாமே வைத்துக்கொள்ளலாம். இரண்டு மாதமாகப் பழகித் தேறியது, காற்றைப் பூஜ்யத்தில் வைத்துத்தான். பெரும்பாலானவர்கள் செய்வதுதான். விளையாட்டு எவ்வளவு நிஜமாக இருக்க முடியும் என்று கோடு போட்டது அதை எழுதியவர்கள் மட்டும் இல்லை. ஓட்டுகிறவனும்தான்.

பக்கவாட்டில் காற்றை வைத்தான். கொஞ்சம் குலுக்கலும் வைத்தான். மாமா கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். ஓடுதளம் தெரிந்தது. விமானம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. திருத்தினான். குலுங்கியது. வேகம் கூடுதலாக இருப்பதுபோல் பட்டது. பதற்றத்தில் த்ராட்டிலைச் சட்டென்று கீழே இழுத்தான்.

மூக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் விமானம் படியிலிருந்து கால் தவறியதுபோல் அப்படியே இறங்கியது. த்ராட்டிலை முழுசாகத் தள்ளினான். எஞ்சின் எழுந்து வருவதற்குள் ஓடுதளத்துக்கு முன்னாலேயே தரை வந்துவிட்டது.

"சே! இந்த கேம்ல இப்படித்தான் மாமா, ஏதாச்சும் கிறுக்குத்தனம் பண்ணும்" என்றபடி திரும்ப ஆரம்பிக்கும் பொத்தானுக்குப் போனான்.

மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. இத எவம்ல எழுதுனான்?"

"ஏன் மாமா?"

"சரியா இருக்கு. ரொம்பச் சரியா இருக்கு."

மிக்-21 பிஸ்ஸில் தரையிறங்கும்போது எஞ்சினிலிருந்து எடுத்த காற்றை இறக்கையின் பின்மடல்கள் மேல் ஊதுவார்கள். சின்ன முக்கோண இறக்கை, குறைந்த வேகத்தில் அதற்குத் தூக்கும் சக்தி போதாது. ஊதுகிற காற்று அந்தக் குறையை ஈடுகட்டும். ஆகவே எஞ்சினைச் சட்டென்று குறைத்தால் தள்ளும் விசை மட்டும் போவதில்லை. ஊதலும் போகிறது, ஊதலோடு இறக்கையின் தூக்கும் சக்தியும் போகிறது. மறுபடி எஞ்சின் வேகம் பிடிக்கச் சில விநாடி ஆகும். தரைக்குப் பக்கத்தில் அந்தச் சில விநாடி இருக்காது. தரையைத் தொடுகிற வேகமே மணிக்கு 300 கிலோமீட்டரை ஒட்டி.

அவன் 'கிறுக்குத்தனம்' என்று சொன்னதுதான் அந்த விளையாட்டிலேயே மிக உண்மையான இடம். இரண்டு மாதம் குச்சியோடு மல்லுக்கட்டியதை நிஜம் என்று நினைத்தவன், நிஜம் வந்தபோது அதைப் பிழை என்றான்.

"சின்னப் பயலுவ மருமவனே. ஒன் வயசுல ரெண்டு மூணு கூட இருக்கும். நான்தான் ஏணியில ஏறி பெல்ட்ட மாட்டி விடுவேன். தேங்க் யூன்னு சொல்லிட்டுப் போவான். கண்ணாடிய மூடிட்டு எறங்கிருவேன்."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

அந்தப் 'பயல்கள்' வந்த வழி கஷ்டமானது. கிரண் மாதிரி சாதுவான பயிற்சி விமானத்தில் பழகிவிட்டு, அடுத்து நேராக மிக்-21. நடுவில் ஒரு படி வேண்டும், உயர்நிலைப் பயிற்சி ஜெட் வேண்டும் என்று 1980-களிலேயே பேச்சு இருந்தது. 66 ஹாக் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது 2004-ல். பீதர் தளத்தில் அது சேவைக்கு வந்தது 2008 பிப்ரவரியில். 'ரங் தே பசந்தி' படம் வந்தது 2006-ல். மிக் விபத்தில் இறந்த விமானியின் நண்பர்களைப் பற்றிய கதைக்கு நாடே அழுததற்குக் காரணம் இருந்தது. 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்கு: வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்தில் போயின. 171 விமானிகள் இறந்தார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே இல்லை. எஞ்சின் கோளாறு, பறவை, பராமரிப்பு, பயிற்சி எல்லாம் உண்டு. ஆனால் ஒரு விமானம் கைக்கு எப்படி நடந்துகொள்ளும் என்று முன்பே தெரிந்துகொள்வது, மேஜை முன்னால் உட்கார்ந்து வாதாடுகிற பொழுதுபோக்கு விஷயம் இல்லை என்று புரிய அந்த எண்கள் போதும்.

விளையாட்டு விமானி ஆக்காது. உண்மைதான். ஆனால் எது நிஜம் என்று கேட்க இனி அவனுக்கு வேறு கேள்வி கிடைத்தது. விழுகிறதா இல்லையா என்பது இல்லை. விழுந்தால், விழ வேண்டிய காரணத்துக்காக விழுந்ததா?

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21-க்கு விடை கொடுத்தார்கள். 62 வருடம். விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங்கே ஒன்றை ஓட்டினார். இறங்கிய விமானங்களுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் பீய்ச்சி மரியாதை செய்தார்கள். கடையத்தில் மாமா டி.வி.யில் கடைசிவரை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. அத்தை வைத்த காப்பி ஆறிப்போனது.

சாயங்காலம் மாடிக்கு வந்தார். கட்டிலில் அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"எறக்கு பாப்போம்."

அவன் ஓடுதளத்தை நோக்கித் திருப்பினான்.

"காத்து வச்சிருக்கியால?"

"வச்சிருக்கேன் மாமா."

"த்ராட்டில விட்றாத."